பாத்திமா என்னும் பெயர்

ஒருவரை மற்றொருவரினின்று வேறுபிரித்து அறிவதற்காகவே உலகத்தார் பெயரிடுகின்றனர். பெயரின் முதற் பயன் அதுவே. ஆயினும் இலங்கை முஸ்லிம்கள் தம் பெண் மக்களுக்கு இடும் ஒரு பெயர் இந்தப் பயனுக்கு முற்றிலும் மாறாக நிற்கின்றது. பாத்திமா என்பதே அப்பெயர். முஸ்லிம் மாணவியர் பயிலும் பாடசாலையொன்றின் வரவுப் பதிவேட்டைப் புரட்டுவோர் பக்கத்துக்குப் பக்கம் அப்பெயரைக் காண்பர். ஆண் பிள்ளைகளுக்கு முஹம்மது என்பதை முன்னே வைத்து இன்னொரு பெயரைப் பின்னே சேர்ப்பது போல, பெண் பிள்ளைகளுக்குப் பாத்திமா என்பதை முன்னே வைத்து இன்னொரு பெயரைச் சேர்த்தல் இந்நாட்டில் வேரூன்றிய வழக்கமாகும். வீட்டார் அழைப்பதும் தோழியர் அழைப்பதும் பெரும்பாலும் பின்னைய பெயரையே. முன்னையதோ நாளடைவில் ஆங்கில நெடுங்கணக்கின் ஆறாவது எழுத்தாகக் குறுகிக் கையொப்பத்தில் மட்டும் எஞ்சி நிற்கின்றது.

எல்லோருக்கும் இடப்பட்டுச் சிலராலேயே அழைக்கப்படும் இப்பெயரின் பொருள் யாது? இக்கேள்விக்கு, அது நபிகள் நாயகம் அவர்களின் அருமை மகளாரின் பெயர் என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அவ்விடை சரியானதே, பெற்றோர் அப்பெயரைத் தெரிந்தெடுப்பதற்குக் காரணமும் அதுவே. எனினும் அது யாருடைய பெயர் என்பதற்கே விடையாகுமன்றி, அப்பெயருக்குப் பொருள் யாது என்பதற்கு விடையாகாது. அந்நாயகியார் பிறப்பதற்கு முன்னரே அறபு நாட்டில் அப்பெயர் வழங்கிவந்தது. அதற்கென ஒரு பொருளும் இருந்தது.

அறபு மொழிச் சொற்களிற் பெரும்பாலானவை மூன்று மெய்யெழுத்துக்களாலான வேர்களினின்று பிறப்பன. அம்மூன்று மெய்களுக்கிடையே உயிரொலிகள் மாறிமாறி நின்று செயலையும், செய்வோரையும், செயப்பட்ட பொருளையும் உணர்த்தும். பாத்திமா என்னும் சொல்லின் வேர் பே, தோ, மீம் என்னும் மூன்று எழுத்துக்களாலாயது. அவ்வேருக்கு அடிப்படைப் பொருள் அறுத்தல், துண்டித்தல் என்பதாகும். கயிற்றை அறுப்பதற்கும், ஒருவனை அவன் நெடுநாட் பழக்கத்தினின்று விலக்குவதற்கும் இவ்வேரடியாகப் பிறந்த வினை வழங்கும். ஆனால் அதன் பெருவழக்கான பொருள் ஒன்றே. பால் குடிக்கும் குழந்தையைப் பால் மறக்கச் செய்தல் என்பதே அது.

இலக்கண நோக்கிற் பார்க்குமிடத்து இன்னொரு நுட்பமும் புலப்படும். பாத்திமா என்பது செய்வோரைக் குறிக்கும் பெண்பாற் பெயர். பால் மறந்த குழந்தையைக் குறிப்பதற்கு அறபியிற் 'பதீம்' என்னும் வேறொரு சொல் உண்டு. ஆகவே பாத்திமா என்பது பால் மறந்தவள் என்று பொருள்படாது; பால் மறக்கச் செய்பவள் என்றே பொருள்படும். குட்டி பால் மறந்த நிலையிலுள்ள பெண்ணொட்டகத்தையும் இவ்வேரினின்று பிறந்த சொல்லாலேயே பழைய அறபியர் குறித்தனர். தொட்டிலிற் கிடக்கும் சிசுவுக்கு, அவள் வளர்ந்து தாயாகிச் செய்யப்போகும் ஒரு செயலின் பெயரை இட்டனர் என்பது சிந்திக்கத்தக்கது.

ஒரே செயலை ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு கண்கொண்டு நோக்குகின்றது. தமிழர் அதனைப் பால்குடி மறத்தல் என்பர். அங்கே குழந்தையே முதன்மை பெறுகின்றது, அது மறக்கின்றது, மறப்பதற்குத் தாய் மார்பில் வேப்பிலைச் சாற்றைத் தடவி உதவுகின்றாள். அறபியர் அதனை அறுத்தல் என்றனர். அங்கே முதன்மை பெறுபவள் தாய். மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அறுப்பவள் அவளே. திருக்குர்ஆனோ இவ்விடத்திற் பாத்திமா என்னும் பெயரின் வேரை எடுத்தாளாது, பிரித்தல் எனப் பொருள்படும் 'பிஸால்' என்ற சொல்லை ஆளுகின்றது. பாலூட்டலை நிறைவு செய்ய விரும்புவோருக்கு முழுமையான 2 ஆண்டுகளை அது வரையறுக்கின்றது. அதற்கு முன்னரே பால் மறக்கச் செய்வதாயின், தாயும் தந்தையும் ஒருவரோடொருவர் கலந்தாலோசித்து மனமொத்துச் செய்தால் குற்றமில்லை என்றும் கூறுகின்றது. மறத்தல், அறுத்தல், பிரித்தல் என மூன்று சொற்களால் மூன்று வகையாகக் கூறப்படினும், குறிக்கப்படுவது தாய்க்கும் சேய்க்கும் இடையே நிகழும் முதற் பிரிவே. அப்பிரிவு வெறுப்பினால் நிகழ்வதன்று. குழந்தை தன் காலில் நிற்கவேண்டும் என்ற அன்பினால் நிகழ்வது.

பெண் குழந்தைக்கு இத்தகைய பெயரை இடுவானேன் என்ற ஐயம் எழலாம். பழங்காலத்திற் பிறந்த குழந்தைகளுட் பல பால் மறக்கும் பருவத்தை எட்டுமுன்னரே இறந்தன. அக்காலத்து அறபியர் நல்வாழ்த்தாக அமையும் பெயர்களைப் பிள்ளைகளுக்கு இட்டனர். ஆயிஷா என்றால் உயிர் வாழ்பவள் என்பது பொருள். காலித் என்றால் நிலைத்திருப்பவன் என்பது பொருள். அவ்வாறே பாத்திமா என்னும் பெயரும், இக்குழந்தை பிழைத்து வளர்ந்து, தானும் ஒரு குழந்தையைப் பெற்று, அதுவும் பால் மறக்கும் வயதுவரை நலமே வளரக் காண்பாளாக என்ற வாழ்த்தாக எழுந்தது எனக் கொள்ளுதல் பொருத்தமுடையதாகும். ஒரு பெயருக்குள்ளே இரண்டு தலைமுறையினரின் ஆயுளுக்கான வேண்டுதல் அடங்கியிருக்கின்றது.

இஸ்லாத்துக்கு முந்திய அறபுக் கவிஞருள் தலைசிறந்தவராகப் போற்றப்படும் இம்றுல் கைஸ், தமது பிரசித்திபெற்ற நெடும்பாட்டிலே பாத்திமா என்னும் பெண்ணை விளித்துப் பாடுகின்றார். விளிக்கும்பொழுது ஈற்றொலியைக் குறைத்துச் செல்லமாக அழைக்கின்றார். நபிகள் நாயகம் அவர்களின் தந்தையாரான அப்துல்லாவைப் பெற்ற அன்னையின் பெயர் பாத்திமா பின்த் அம்ர். தாய் தந்தையரையும் பாட்டனாரையும் இழந்த சிறுவராகிய நாயகம் அவர்களைத் தம் வீட்டிற் பேணி வளர்த்த அபூதாலிபின் துணைவியார், அலியாரின் தாயார், பாத்திமா பின்த் அஸத். உமர் அவர்கள் சினங்கொண்டு வாளோடு புறப்பட்ட நாளிலே, தம் சகோதரியின் இல்லத்திற் 'தாஹா' அத்தியாயத்தைச் செவியுற்று மனம் மாறினார் என்று வரலாற்று நூல்கள் கூறும். அச்சகோதரியின் பெயரும் பாத்திமாவே.

ஒரு குடும்பத்தினுள்ளேயே பாத்திமாக்கள் பலர் இருந்தனர் என்பதற்கு நபிமொழித் தொகுப்பிற் சுவையான சான்றொன்று உண்டு. நபிகள் நாயகம் அவர்களுக்கு ஒருமுறை பட்டுத் துணி அன்பளிப்பாக வந்தது. ஆண்கள் அணியத் தகாத அதனை அலியாரிடம் கொடுத்து, முக்காடுகளாகக் கிழித்துப் 'பவாத்திம்' என்போருக்கிடையே பங்கிடுமாறு கூறினார்கள். பவாத்திம் என்பது பாத்திமா என்பதன் பன்மை வடிவம். அலியாரின் துணைவியாராகிய பாத்திமா, அவருடைய அன்னையாராகிய பாத்திமா, ஹம்ஸாவின் மகளாகிய பாத்திமா என மூவரை உரைகாரர் அங்கே காட்டுவர். இன்றைய வகுப்பறைகளிற் காணப்படும் நிலைமை 1,400 ஆண்டுகளுக்கு முன்னர் மதீனாவிலும் இருந்தது. வேறுபாடு ஒன்றே. அங்கே அவர்கள் அப்பெயராலேயே அழைக்கப்பட்டனர்.

இத்துணைப் பேரும் தாங்கிய பெயர், உலகெங்கும் பரவுவதற்குக் காரணமாயிருந்தவர் நபிகள் நாயகத்தின் மகளாரே. அவர் பிறந்த ஆண்டைப்பற்றி இரு கருத்துக்கள் உள. ஒரு சாரார் நபித்துவத்துக்கு ஏறக்குறைய 5 ஆண்டுகளுக்கு முன்னர் என்பர். மற்றொரு சாரார் அதற்குப் பின்னர் 5ஆம் ஆண்டில் என்பர். மக்காவிலே, கஃபாவின் அருகில் நாயகம் அவர்கள் தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்திருந்தபொழுது, குறைஷியர் சிலர் ஒட்டகத்தின் குடலை அவர்களின் முதுகின்மீது போட்டுவிட்டு நகைத்து நின்றனர். செய்தியறிந்து ஓடிவந்து அவ்வசுத்தத்தை அகற்றி, அவ்வாறு செய்தோரைக் கண்டித்தவர் சிறுமியாகிய பாத்திமா. அன்னை கதீஜா நாயகியார் 619ஆம் ஆண்டளவிற் காலமானார். அதன்பின் தந்தையைக் கவனிக்கும் கடமையும் மகளின்மேல் விழுந்தது. 'உம்மு அபீஹா', அதாவது தம் தந்தைக்குத் தாயானவர், என்ற சிறப்புப் பெயர் அவருக்கு வழங்கிற்று. பால் மறக்கச் செய்பவள் என்ற பொருளுடைய பெயரைப் பெற்றவர், தாமே பிள்ளையாயிருந்த பருவத்தில் தந்தைக்குத் தாயானார்.

மதீனாவில் அவர் வாழ்ந்த இல்வாழ்க்கை வறியது. அலியார் தமது போர்க் கவசத்தையே மணக்கொடையாகக் கொடுத்தார். திரிகை சுழற்றிக் கை காய்த்துப்போன நாயகியார், பணியாள் ஒருவரைக் கேட்டுத் தந்தையிடம் சென்றார். நாயகம் அவர்களோ, உறங்கச் செல்லுமுன் 33 முறை இறைவனைத் துதித்து, 33 முறை புகழ்ந்து, 34 முறை பெருமைப்படுத்துமாறு கற்பித்து, பணியாளைவிட அது மேலானது என்றார்கள். இன்றும் முஸ்லிம்கள் ஓதிவரும் அத்துதி 'பாத்திமாவின் தஸ்பீஹ்' என்றே பெயர் பெற்றுள்ளது. 632ஆம் ஆண்டில் நாயகம் அவர்கள் நோயுற்றிருந்தபொழுது மகளை அருகழைத்து இருமுறை காதோடு பேசினார்கள். முதன்முறை அவர் அழுதார், மறுமுறை சிரித்தார். தாம் அந்நோயிலேயே பிரிந்துவிடப்போவதை முதலிலும், தம் குடும்பத்தாருள் தம்மை முதலில் வந்தடைபவர் அவரே என்பதை அடுத்தும் கூறியதாகப் பின்னர் அவர் வெளியிட்டார். அவ்வாறே ஏறத்தாழ 6 மாதங்களில் அவரும் மறைந்தார்.

அவருக்கு வழங்கும் சிறப்புப் பெயர்களுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. ஒன்று 'ஸஹ்றா', ஒளி பொருந்தியவர் என்பது அதன் பொருள். மற்றையது 'பதூல்', உலகப் பற்றை அறுத்து இறைவனையே நாடியவர் என்பது அதன் பொருள். ஈஸா நபியின் அன்னையாராகிய மர்யம் அவர்களையும் அறபியர் இச்சொல்லாற் சிறப்பிப்பர். பதூல் என்பதன் வேரும் அறுத்தலையே உணர்த்துவதாதலின், பாத்திமா என்பதும் பதூல் என்பதும் பொருளால் உடன்பிறந்தவை எனலாம். இவ்வொற்றுமையின் வழியே சமய அறிஞர் பெயருக்கு மற்றொரு விளக்கமும் கண்டனர். இறைவன் அவரையும் அவரை நேசிப்போரையும் நரக நெருப்பினின்று அறுத்து விலக்கினான். ஆதலின் அவர் பாத்திமா ஆனார் என்பது அவ்விளக்கம். சொல்லிலக்கணத்தைவிடப் பத்தியே அங்கு மேலோங்கி நிற்பினும், வேரின் பொருளை அது கைவிடவில்லை.

நபிகள் நாயகத்தின் சந்ததி தழைத்தது இம்மகளார் வழியாகவேயாகும். அவர் மரபினர் எனத் தம்மைக் கூறிக்கொண்ட அரசவமிசம் ஒன்று 909ஆம் ஆண்டு முதல் 1171ஆம் ஆண்டு வரை வட ஆபிரிக்காவையும் எகிப்தையும் ஆண்டது. பாத்திமியர் என்பதே அவ்வமிசத்தின் பெயர். ஒரு பெண்ணின் பெயரால் அரசவமிசம் ஒன்று அழைக்கப்படுதல் சரித்திரத்தில் அரிது. 969இற் கெய்ரோ நகரை நிறுவியவர்களும், 972இல் அங்கே அல் அஸ்ஹர் பள்ளிவாசலைத் திறந்தவர்களும் அவர்களே. ஸஹ்றா என்ற சிறப்புப் பெயரினின்றே அஸ்ஹர் என்ற பெயர் எழுந்தது என்பது பலரும் கொள்ளும் கருத்து. மொறொக்கோ நாட்டின் பெஸ் நகரிலே கறவிய்யீன் என்னும் புகழ்பெற்ற கல்விநிலையத்துக்கு 859ஆம் ஆண்டில் அடித்தளமிட்டவர் பாத்திமா அல் பிஹ்ரி என்னும் பெண்மணி எனப் பாரம்பரியம் கூறும்.

இஸ்லாம் சென்ற நாடெங்கும் பெயரும் சென்றது. சென்றவிடமெல்லாம் அவ்வவ் நாட்டு நாவுக்கேற்ப உருமாறிற்று. பாரசீகர் ஈற்று ஒலியை மாற்றிப் பாத்திமே என்றனர். துருக்கியர் நடுவிலுள்ள இகரத்தை விழுங்கி ஈரசைச் சொல்லாக்கினர். கிழக்காபிரிக்காவின் சுவாஹிலி மக்கள் பாத்துமா என்றனர். மேற்காபிரிக்காவில் அது பாத்துமாத்தா என நீண்டு, பாத்து எனக் குறுகியது. மலையாளத்தில் அது பாத்தும்மா ஆயிற்று. வைக்கம் முஹம்மது பஷீர் 1959இல் வெளியிட்ட நாவலொன்று 'பாத்தும்மாவின் ஆடு' எனப் பொருள்படும் பெயருடையது என்பதை நேயர்கள் பலர் அறிவர்.

தமிழ் பெற்ற வடிவம் பாத்திமா. அறபியின் முதலெழுத்துக்குரிய, பல்லும் உதடும் சேர்ந்து பிறக்கும் ஒலி தமிழில் இல்லை. ஆகவே புலவர்கள் அதனைப் பகரமாக்கினர். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் உமறுப் புலவர் இயற்றிய சீறாப்புராணத்திற் பாத்திமா திருமணத்துக்கெனத் தனிப் படலமே உண்டு. மறுபுறத்தில், தமிழை அறபு எழுத்திலே எழுதிய அறபுத் தமிழ் நூல்களில் இப்பெயர் தன் பிறப்பெழுத்துக்களோடேயே நின்றது. பிற்காலத்தார் ஆய்தத்தை முன்னிட்டு ஃபாத்திமா என எழுதத் தொடங்கினர். ஆங்கில எழுத்தில் எழுதுமிடத்துத் தகரத்தைக் காட்டுதற்கு 'எச்' எழுத்தை நடுவிற் சேர்த்தல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய பழக்கம். அந்த ஓரெழுத்தைக் கொண்டே அப்பெயருடையார் எத்திசையினர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

அறபியில் இச்சொல்லின் ஈற்றில் மறைந்து நிற்கும் தகர ஒலியொன்று உண்டு. அடுத்து வரும் சொல்லோடு சேரும்பொழுது அது வெளிப்படும். பாத்திமத்துஸ் ஸஹ்றா என்று பெயரிடுவது இதனாலேயே. தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் முன்னர்ப் பெருக வழங்கிய பாத்திமுத்து என்னும் பெயரும் இத்தகரத்தின் வழி வந்ததாகலாம். அறபியரின் ஈற்றொலி தமிழன்னையரின் செவியில் முத்தாக ஒலித்தது போலும்.

இப்பெயர் முஸ்லிம்களுக்கு மட்டுமே உரியதாகவும் நின்றுவிடவில்லை. 711ஆம் ஆண்டு முதல் ஐபீரியத் தீபகற்பத்தில் முஸ்லிம்கள் ஆட்சி செய்தனர். போர்த்துக்கலில் அவ்வாட்சி 1249இல் முடிவுற்றபின்னரும் பல ஊர்கள் அறபுப் பெயர்களோடேயே நிலைத்தன. அவற்றுள் ஒன்று பாத்திமா. அவ்வூரிலே 1917ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் திகதி முதல் ஒக்டோபர் 13ஆம் திகதி வரை இடையர் குலச் சிறுவர் மூவருக்கு மரியன்னை காட்சியளித்தார் என்ற செய்தி பரவியது. அன்று முதல் கத்தோலிக்க உலகம் மரியன்னையைப் பாத்திமா அன்னை என்றும் போற்றலாயிற்று. கொழும்பு மருதானையிலும் அப்பெயரால் ஒரு தேவாலயம் உண்டு. கத்தோலிக்கப் பெற்றோரும் தம் பெண் மக்களுக்கு அப்பெயரை இடுகின்றனர். மர்யம் அவர்களுக்கும் பாத்திமா நாயகியாருக்கும் பதூல் என்ற ஒரே சிறப்புப் பெயரை அறபியர் வழங்கினர். பின்னாளில் ஓர் ஊரின் வழியாகப் பாத்திமா என்ற பெயரே மரியன்னையைச் சென்றடைந்தது.

இவ்வளவு நெடிய வரலாறுடைய ஒரு பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்குவது இழப்பே. பொருளறியாது வெறும் ஓசையினிமை கருதி ஆக்கப்படும் பெயர்கள் பெருகிவரும் நாளில், பெற்றோர் இப்பெயரை முதலில் வைப்பதிலே மரபின்பால் உள்ள மதிப்புத் தெரிகின்றது. ஆனால் வைத்த பெயரை வாயால் அழைப்பதற்கும், அழைக்கும் பெயரின் பொருளைப் பிள்ளைக்குச் சொல்வதற்கும் செலவாவது சிறு பொழுதே. அத்தனை பேரையும் ஒரே பெயரால் அழைத்தால் வகுப்பறையிற் குழப்பம் நேரும் என்பது உண்மைதான். அதற்காகவே இரண்டாம் பெயர் இருக்கின்றது. எனினும் வீட்டிலே, தாய் தன் மகளின் தலையை வாரிவிடும் வேளையிலேனும், முழுப் பெயரையும் கூறி அதன் பொருளையும் சொல்லலாம். பிள்ளை வளர்ந்து தானும் ஒரு தாயாகி, மடியிலிருக்கும் மழலையைப் பால் மறக்கச் செய்யும் நாள் வரும். குழந்தை அழ, தாயின் மனமும் தளரும் அந்நாட்களில், தான் செய்துகொண்டிருக்கும் செயலே தன் பெயர் என்பதை அவள் அறிந்திருப்பாள்.